நுவரெலியாவில் ஒரு ஃபேன்

தைப்பொங்கலுக்கு ஹட்டனிலிருந்து வீட்டுக்குப் போய் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டது: "ஹட்டன்ல ஃபேன் என்ன வெல பாப்பா?"

நுவரெலியாக்காரர்கள் யாரும் ஃபேன் விலை விசாரித்து நான் கேட்டதில்லை. 1,868 மீட்டர் உயரம். தையிலும் மாசியிலும் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், உருளைக்கிழங்குச் செடி கருகிப்போகும். ஊரே ஸ்வெட்டரும் குல்லாவுமாகத் திரிகிற மாதம். அம்மாவோ சேலை முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குள் காலை வைத்ததும் புரிந்தது. மத்தியானக் கொழும்பு பஸ் நிலையத்தில் இறங்கின மாதிரி இருந்தது. அப்பா பனியனோடு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரவில் படுப்பதும் அங்கேதான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. வீட்டுக்குள் வேர்க்கிறது, வெளியே விறைக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை.

எங்கள் வீட்டுக்கு ஹீட்டிங் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள். இந்த ஊரில் துரை பங்களாக்களில் கணப்பு அடுப்பு இருக்கும், ஹோட்டல்களில் கரண்ட் ஹீட்டர் இருக்கும். சுவரில் ரேடியேட்டர் மாட்டி, குழாயில் சுடுதண்ணி ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிற ஏற்பாடு சாதாரண வீடுகளில் கிடையாது. தம்பி லண்டனில் அந்த வேலைதான் செய்கிறான். பொய்லர் பொருத்துவது, பழுது பார்ப்பது. நானுஓயாவுக்கும் டவுனுக்கும் இடையில் 2018இல் இந்த வீட்டைக் கட்டியபோது அவனுக்கு ஒரு வெறி. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், 10க்கு 12 அடிக் காம்பராவில் நாங்கள் ஆறு பேரும் ஒருவர் காலடியில் ஒருவராகச் சுருண்டு கிடந்தது அவனுக்கு மறக்கவில்லை. "அம்மாவுக்கு இனி குளுரவே கூடாது" என்றான். அங்கே கழற்றிய பொய்லர், எட்டு ரேடியேட்டர், பம்ப், வால்வ் எல்லாவற்றையும் கன்டெய்னரில் போட்டு அனுப்பி, லீவில் வந்து ஒரு மாதத்தில் தானே பொருத்தினான். அங்கும் இங்கும் 230 வோல்ட்தான் என்பதால் கரண்ட் பக்கம் பிரச்சினை இல்லை. பொய்லரை மட்டும் எல்பி கேஸுக்கு மாற்றினான். வீட்டுக்குப் பின்னால் நாலு 12.5 கிலோ சிலிண்டர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவைத்தான். ஒற்றைச் சிலிண்டரால் அந்தக் குளிரில் பொய்லர் கேட்கிற வேகத்துக்குக் கேஸ் விட முடியாதாம்.

2022இல் கேஸ் வரிசை வந்தது. சோறாக்கவே சிலிண்டர் இல்லாதபோது வீட்டைச் சூடாக்க யார் போவார்கள்? பொய்லரை அணைத்தோம். அப்படியே கிடந்தது. கேஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. போன மார்கழியில் அம்மாவின் முழங்கால் வலி கூடியதும் தம்பி போனிலேயே சொல்லிச் சொல்லித் திரும்ப மூட்டவைத்தான். அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து. நாலு சிலிண்டரும் முன்பு ஒரு மாதத்துக்குக் கிட்டவரும். இந்தமுறை ஒன்பது நாளில் காலி.

நான் விஞ்ஞான ஆசிரியை. இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல, பின்னால் வரப்போகிற அசட்டுத்தனத்துக்குக் காரணம் அதுதான் என்பதால். ஹோலில் சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கைப் போட்டு அணைக்கிற தெர்மோஸ்டாட் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்கு விடை தெரிந்துவிட்டது. வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில். அப்பா விடிய ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு படுக்கும்வரை சாத்தமாட்டார். லயத்தில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அந்தப் பழக்கம். மலைக் காற்று நேராகத் தெர்மோஸ்டாட்டில் அடிக்கிறது. அது 'இன்னும் குளிர், இன்னும் குளிர்' என்று நினைத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டின் மற்றப் பகுதி வேகிறது.

பொங்கல் லீவு முடிந்து மறு சனிக்கிழமை பாடசாலை லேப்பிலிருந்து மூன்று வெப்பமானி கொண்டுபோனேன். தெர்மோஸ்டாட் பக்கத்தில் 16. ஹோலின் மறு கோடியில் 27. மாடி அறையில் 31. வெளியே 11. பேப்பரில் எழுதி அப்பாவுக்குக் காட்டினேன். அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: "நான் சொல்லல? கதவ சாத்துங்கன்னு எத்தன தடவ சொன்னேன்." அப்பா பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கதவைச் சாத்தினேன். முக்கால் மணியில் தெர்மோஸ்டாட் பக்கத்து வெப்பமானி 20க்கு ஏறியது. டயல் 19இல் இருந்தது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். இரட்டை உலோகத் தகடு வளைந்து சுவிட்ச் விடுகிற சத்தம். பிள்ளைகளுக்கு எத்தனை தரம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன்! அந்த 'டிக்'கைக் கேட்டதும் வேலை முடிந்தது என்று மாலை பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா கோல் எடுத்தார். "கதவு சாத்தித்தான் இருக்கு. முன்னக்கி இப்ப மோசம். காத்தும் வரல."

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. ரோலர், ட்ரையர், வாட்டுகிற தொட்டிகளின் ஃபேன் என்று எல்லாம் அவர் கைபட்டவை. ட்ரையருக்குள் போகிற காற்று 200 பாரன்ஹைட், வெளியே வருவது 125 என்று ஒரு கணக்கு வைத்திருப்பார். வெளியே வருகிற சூடு ஏறினால் தூள் கருகி நாற்றமெடுக்கும், குறைந்தால் உள்ளே ஈரம் தங்கிப் புளித்துவிடும். ஒரு நாள் தூள் கெட்டால் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் முகத்தில் முழிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதர் தம்பியின் பொய்லரில் மட்டும் கை வைக்கமாட்டார். "அது அவன் சாமான்" என்று ஒதுங்கியே இருந்தார். பொய்லர் முள் 80 டிகிரியில் நிற்பதைப் பார்த்து ஆரம்பத்தில் அவருக்குப் பயமும் இருந்தது. எங்கள் உயரத்தில் சட்டித் தண்ணி 94க்கே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு வேக இவ்வளவு நேரம். இன்னும் 14 ஏறினால் இது வெடிக்காதா என்று கேட்பார். மூடிய குழாய், 1.3 பார் அழுத்தம் கொடுத்திருக்கிறது, அதற்குள் தண்ணி கொதிக்க 120 வரை போக வேண்டும், அதற்கு முன்பே பொய்லர் தானே அணைந்துவிடும் என்று தம்பி விளக்கினான். அதற்கப்புறமும் அப்பா அந்த அறைக்கதவைப் பாதி திறந்துதான் எட்டிப்பார்ப்பார்.

அடுத்த சனிக்கிழமை நான் வெப்பமானிகளோடு மறுபடியும் போனேன். தெர்மோஸ்டாட்டை மாடிக்கு மாற்றலாமா, வயர் எவ்வளவு வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"பாப்பா, அத முழுசா அணைச்சா நிக்குதா?"

"எத?"

"இந்த ஹீட்டிங்க. அங்க சுவத்துல ஆஃப்னு போட்டிருக்கே."

பொய்லர் அறைச் சுவரில் நேரம் வைக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு சுவிட்ச்: ஒன்று ரேடியேட்டருக்கு, ஒன்று குளிக்கிற சுடுதண்ணிக்கு. நான் அதைத் தொட்டே பார்க்கவில்லை. மூன்று வெப்பமானி கொண்டுவந்தவளுக்கு ஒரு சுவிட்சை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டையும் அணைத்தோம். தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை குறைத்தோம். பொய்லர் நிற்கவில்லை. பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது. யாருமே கேட்காதபோது பொய்லர் யாருக்காக எரிகிறது?

தம்பிக்கு வட்ஸ்அப்பில் வீடியோ கோல் போட்டோம். அங்கே விடியவில்லை, போர்வைக்குள்ளிருந்தே பேசினான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பொய்லரிலிருந்து வரும் சூட்டுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ரேடியேட்டர்களுக்கு, மற்றது குளிக்கிற தண்ணித் தொட்டிக்கு. ஒவ்வொரு கிளையிலும் சோப்புப் பெட்டி அளவில் வெள்ளிநிற மூடி போட்ட ஒரு மோட்டார் வால்வ். தெர்மோஸ்டாட் நேரே பொய்லரோடு பேசுவதில்லை. சூடு வேண்டுமென்றால் வால்வின் மோட்டாருக்குக் கரண்ட் விடும். மோட்டார் சுழன்று வால்வைத் திறக்கும். முழுதாகத் திறந்ததும் அதற்குள்ளேயே இருக்கிற ஒரு குட்டி சுவிட்ச் அமுங்கும். அந்தச் சுவிட்ச்தான் பொய்லரையும் பம்பையும் ஓடச்சொல்வது. போதுமென்று தெர்மோஸ்டாட் விட்டுவிட்டால் மோட்டார் கையை எடுத்துவிடும், ஒரு ஸ்ப்ரிங் வால்வை இழுத்து மூடும்.

அப்பா சிரித்துவிட்டார். "தொர நிறுத்துன்னு சொல்லிட்டாரு. கங்காணி காதுல விழல, அவன் பாட்டுக்கு ஆள வெரட்டிக்கிட்டு இருக்கான்."

தம்பி அங்கே போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "அதேதான்ப்பா! வால்வ் பக்கத்துல ஒரு சின்ன நெம்பு இருக்கும், தள்ளிப் பாருங்க."

இதை மட்டும் யாருக்காவது பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன். வால்வ் மூடியிருந்தால் அந்த நெம்பைத் தள்ளும்போது ஸ்ப்ரிங்கின் எதிர்ப்பு விரலுக்குத் தெரியும். திறந்திருந்தால் தொளதொளவென்று ஆடும். முதலில் சுடுதண்ணி வால்வைத் தள்ளினேன், ரப்பரை இழுப்பது போல எதிர்த்தது. பிறகு ரேடியேட்டர் வால்வ். ஆடுகிற பல் மாதிரி இருந்தது. கரண்ட் இல்லை, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் முழுதாகத் திறந்து கிடந்தது. உள்ளே குட்டி சுவிட்ச் அமுங்கியபடியே.

மூடியைக் கழற்ற ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தேன். எல்லாம் ஆஃப் போட்டாயிற்றே என்ற தைரியம். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வால்விலிருந்து வரும் வயர்கள் சேருகிற பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிரவுண் வயரில் ஒன்றுமில்லை. சாம்பல் வயரில் வைத்ததும் டெஸ்டர் சிவந்தது. சாம்பல் வயருக்கு எப்போதும் கரண்ட் இருக்குமாம், குட்டி சுவிட்ச் வழியாகப் பொய்லரை எழுப்பப் போவது அதுதான். சுவர்ப் பெட்டியில் ஆஃப் போட்டால் அது சாகாது. "ஸ்டோர்ல ஒருத்தன் இப்பிடித்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். ட்ரிப் சுவிட்சையே போய் அணைத்துவிட்டு வந்து, மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார். பொய்லரின் முன்மூடியையும் கேஸ் குழாயையும் மட்டும் தொடவே கூடாது என்று தம்பி மூன்று தரம் சொன்னான். அதில் பிழைவிட்டால் புகை வீட்டுக்குள் வரும், அந்தப் புகைக்கு மணமும் கிடையாது. குளிருக்குக் கரிச்சட்டியை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து எழும்பாமல் போனவர்களைப் பற்றி எங்கள் பக்கம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

"மூடி மேல சின்னதா ஒரு புடைப்பு இருக்கா பாருக்கா." இருந்தது. இருந்தால் தலைப்பகுதியை மட்டும் தனியே எடுக்கலாம், தண்ணி கொட்டாது. இல்லாவிட்டால் குழாய்த் தண்ணியை எல்லாம் வடிக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூவில் தலை கையோடு வந்தது. கீழே பித்தளை உடம்பிலிருந்து சுண்டுவிரல் நுனியளவு ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கையால் திருகினாலே கால் வட்டம் திரும்ப வேண்டுமாம். அசையவில்லை. அப்பா துணியைச் சுற்றிக் குறட்டால் பிடித்து, வேகப்படாமல், அங்கே ஒரு மயிரிழை இங்கே ஒரு மயிரிழை என்று ஆட்டினார். கால்மணி நேரம். அந்த நேரம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் விட்டு வந்த பிறகு நான் பார்க்காத முகம் அது. கடைசியில் கிர் என்று ஒரு சத்தத்தோடு தண்டு திரும்பியது.

மோட்டாருக்கு அந்த இறுக்கத்தை மீறித் தள்ளித் திறக்கிற பலம் இருந்திருக்கிறது. இழுத்து மூடுகிற ஸ்ப்ரிங்குக்கு அது இல்லை. மார்கழியில் மூட்டிய முதல் நாள் திறந்தது, அதற்கப்புறம் மூடவே இல்லை. என் தெர்மோஸ்டாட் 'டிக்' என்று சொன்னது உண்மைதான், கேட்கத்தான் ஆளில்லை.

தலையை மாட்டி, கரண்ட் போட்டோம். டயலைக் குறைத்ததும் உள்ளே ஸ்ப்ரிங் சர்ரென்று சுருண்டது. பம்ப் நின்றது. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. அம்மா உள்ளே வந்து, "கரண்டு போயிருச்சா?" என்றார்.

எட்டு நாள் ஒழுங்காக இருந்தது. ஒன்பதாம் நாள் மறுபடியும் சிக்கிக்கொண்டது.

தண்டு ஏன் இறுகியது என்பதுதான் மிச்சக் கதை. குழாய்க்குள் இருப்பது ஒரே தண்ணிதான், சுற்றிச் சுற்றி வருவது. அதில் துருப் பிடிக்காமலிருக்க ஒரு மருந்து ஊற்ற வேண்டும். தம்பி 2018இல் ஊற்றியிருந்தான். நடுவில் ஒரு ரேடியேட்டர் மூட்டில் கசிந்தபோதெல்லாம் அப்பா பீலியில், மலை ஊற்றுக் குழாயில், தண்ணியைப் பிடித்து நிரப்பியிருக்கிறார், அவனிடம் சொல்லாமல். புதுத் தண்ணியோடு புதுக் காற்றும் போகிறது, இரும்பு ரேடியேட்டரை உள்ளிருந்து தின்கிறது. இதைத் தம்பியிடம் சொன்னது நான்தான். அப்பா அன்றைக்கு இரவு என்னோடு பேசவில்லை.

லண்டனிலிருந்து வந்த ஒருவர் கையில் புது வால்வும் ஒரு லீட்டர் மருந்தும் மாசியில் வந்து சேர்ந்தது. ராகலைப் பக்கத்துப் பைப் பாஸ் ஒருவரை, குழாய் வேலைக்காரரை, அப்பா கூட்டிவந்தார். அவர் குளிக்கிற ஹீட்டர் பொருத்துகிறவர், ரேடியேட்டரைப் பார்த்ததில்லை. அவரும் அப்பாவும் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேசிக்கொண்டு தோட்டத்துக் குழாயை மாட்டித் தண்ணியை வடித்தார்கள். வந்தது தண்ணி இல்லை, கரி மை. வாளியில் பிடித்து வைத்தோம். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அப்பா ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வாளியில் இறக்கினார். வெளியே எடுத்தபோது காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி மசி அப்பியிருந்தது. பாஸ் வாயைப் பிளந்தார். நான் என் பத்தாம் வகுப்புக்கென்று ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். இரும்பின் கறுப்பு ஒட்சைட்டு, காந்தத்தில் ஒட்டும். இதைவிட நல்ல மாதிரி எந்த லேப்பிலும் கிடைக்காது.

தெளிந்த தண்ணி வரும்வரை நாலு தரம் அலசினோம். புது வால்வ், மருந்து, 1.3 பார். பிறகு ஒவ்வொரு ரேடியேட்டராகச் சாவி போட்டுக் காற்றை விட்டோம். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணி துளிர்த்ததும் மூட வேண்டும். அந்த வேலை அம்மாவுக்குப் பிடித்துப்போய் எட்டையும் அவரே செய்தார். தெர்மோஸ்டாட்டையும் கதவருகிலிருந்து எடுத்து உள்சுவருக்கு மாற்றினோம். அந்த அளவுக்காவது என் வெப்பமானிகள் சொன்னது பொய்யில்லை.

இப்போது வீடு 19இல் நிற்கிறது. சிலிண்டர் ஒழுங்காக வருகிறது. அப்பா கதவைத் திறந்து போட்டுக்கொண்டு திண்ணையில் இருக்கிறார், இரவில் உள்ளே படுக்கிறார்.

போன வாரம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காலையில் கோல் எடுத்தபோது அப்பா, "ரேடியேட்டர் மறுபடி சுடுது பாப்பா" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வால்வின் நெம்பைப் பார்க்கச் சொன்னேன். போனை வைக்காமலேயே நடந்து போனார். அறைக்கதவு திறக்கிற சத்தம், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"யாரோ நெம்ப தள்ளி கொக்கில மாட்டி வச்சிருக்காங்க."

அந்த நெம்பைத் தள்ளிக் கொக்கியில் மாட்டினால் வால்வ் கையாலேயே திறந்து நிற்கும். குளிக்கிற தண்ணிக்குப் பொய்லர் எரிகிற நேரமெல்லாம் சூடு ரேடியேட்டருக்கும் போகும். தண்ணி வடிக்கும்போது தம்பி போனில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பின்னணியில் அவர் குரல் கேட்டது. "ரெண்டு நாளா துணி காயல. மேல மோர்மொளகா வேற போட்டிருக்கேன். மழ விடட்டும், நானே எடுத்து விடுறேன்."